பாலக்காவலன் சங்கிலியைத் தொட்டானா?

பெயிண்டுக் கடையில் அவளுக்கு 'ஷேடு அக்கா' என்று பெயர். பழைய சுவரிலிருந்து நகத்தளவு பெயர்த்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவார்கள். அதை வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். வெள்ளை பேஸில் மஞ்சள் இவ்வளவு, கறுப்பு ஒரு துளி என்று சொல்லிவிட்டு மிஷினைத் தட்டுவாள். இப்படிப் பகல் முழுக்க நிறத்தோடு மல்லுக்கட்டிய ஒருத்தி, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து நிறமே இல்லாத ஓர் ஊரைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தாள் என்பது கடையில் யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் சுவர் உப்பு, கூரை உப்பு, கும்பிடுகிற சாமியும் உப்பு. வெள்ளையைத் தவிர எதுவும் கிடையாது. ஏன் இப்படி என்று கேட்டிருந்தால், "சும்மா தோணுச்சு" என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்க ஆள் இல்லை.

உப்பு ஊருக்கு எதிரி யாராக இருக்க முடியும்? மழைதான். அவள் கதையில் மழை மேலேயிருந்து விழாது. படையாகத் திரண்டு நடந்து வரும். தண்ணீர் மனிதர்கள், தண்ணீர்க் குதிரைகள். ஊரைச் சுற்றி ஓர் ஆறு. அதில் இறங்கினால் அவர்கள் ஆற்றோடு ஆறாகக் கரைந்துவிடுவார்கள், ஆகையால் பாலத்தின் வழியாகத்தான் வர முடியும். பாலத்தைச் சங்கிலியால் இழுத்துத் தூக்கிவிட்டால் ஊர் பிழைத்தது. அந்தச் சங்கிலிக்குக் காவல் இருப்பவன் ஊரை ஆளும் உப்பரசியின் கணவன். ஒன்பதாவது அத்தியாயத்தில் படை கிளம்பிவிட்டது. அரசி ஆள் மேல் ஆள் அனுப்புகிறாள். காவலன் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "இப்போது என்ன அவசரம்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொள்கிறான். ஊர் கரைந்துபோகிறது. மீதிக் கதை, கரைந்த ஊரின் மக்களை அரசி ஒருத்தியாக எங்கெங்கோ இழுத்துக்கொண்டு அலைவது.

காவலன் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறியும் மூளை தேவையில்லை. "இப்ப என்ன அவசரம்?" என்பது அவள் கணவரின் வாயில் நாளுக்கு நாலு முறை வருகிற வாக்கியம்.

கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வண்டி வராது என்பதை வண்டி வரும் என்பது போலவே சொல்லத் தெரிந்தவர். அது அவருடைய தனித்திறமை அல்ல, வேலை அப்படி. 'ரத்து' என்ற சொல்லை மொட்டையாகச் சொல்லக்கூடாது. முன்னால் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஒரு தலையணை, பின்னால் 'வருந்துகிறோம்' என்று ஒரு தலையணை. நடுவில் அந்தச் சொல் பத்திரமாகப் படுத்திருக்க வேண்டும். வாழ்நாளில் பாதியை இப்படிக் கழித்த பிறகு, எங்கோ இருக்கும் ஒரு பெண்ணின் பதிவுசெய்த குரல் ஒலிபெருக்கிக்கு வந்துவிட்டது. இவரை விசாரணைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் அவள் பேசுவாள். கீழே இவர் அதையே இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் மெத்தென்று, ஆளுக்கு ஆள் சொல்வார்.

மனைவி எழுதுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். என்ன எழுதுகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "முடிச்சதும் படிக்கறேன், இப்ப என்ன அவசரம்?" என்பார். அவளும் காட்டியதில்லை. இரண்டு பேருக்கும் இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது.

கடைசி அத்தியாயங்களை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை, அவள் இடக்கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரை ஒன்று இறங்கியது. வலி இல்லை. யாரோ ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டது போல. சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி, ஆகையால் கண்ணில் ஏதாவது பறப்பதும் மின்னுவதும் அவளுக்குப் பழக்கம். கணவரிடம் சொன்னாள். "லீவு நாள்ல எந்த டாக்டர் இருப்பான்? திங்கக்கிழமை போலாம். இப்ப என்ன அவசரம்?" என்றார். நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு எழுத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. திங்கள் என்று அவர் சொன்னதும் அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. மற்றக் கண்ணால் எழுதிக்கொண்டே போனாள்.

திங்களன்று டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எப்போலேர்ந்து?" என்றார். சனிக்கிழமை என்றதும் பேனாவை மூடினார். அறுவை சிகிச்சை செய்தார்கள். இடக்கண் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலிருப்பதில் அந்த வீட்டுக்கு நல்ல தேர்ச்சி.

ஒற்றைக் கண்ணோடு கதையை முடித்தாள், கடைக்கும் போனாள். பிறகு ஒரு வீட்டுக்காரர் தன் படுக்கையறைச் சுவரை போட்டோ எடுத்துக்கொண்டு வந்து கவுண்டரில் நீட்டினார். அவள் கலந்து கொடுத்த முதல் வாளிக்கும் இரண்டாவது வாளிக்கும் அண்ணன் தம்பி ஜாடைதான் இருந்தது, இரட்டைப் பிள்ளை ஜாடை இல்லை. முதலாளி தாராளமானவர். "பரவால்லம்மா, ஆணி எடை போடற பக்கம் உக்காருங்க" என்றார். எடைத் தராசின் எண் தெரியாமல் போனதும் அவருடைய தாராளமும் தீர்ந்தது.

வலக்கண்ணின் நடுவில் ஒரு கறை, நாளுக்கு நாள் பெரிதாகும் கறை. ஆளைப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல். "எழுத்து இனிமே தெரியாதும்மா. ஆளு அசையறது கொஞ்ச நாள் தெரியும். அப்புறம்..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். அறிவிப்பாளரைவிட நாசூக்கான மனிதர்.

இந்த நேரம் பார்த்துத்தான் பதிப்பாளர் பதில் போட்டார். பள்ளிக்கூடக் கைடுகள் அச்சடித்துச் சம்பாதித்து, அதில் ஒரு பங்கை நாவல்களில் விடுகிறவர். கண் இருந்த காலத்தில் அனுப்பிய முதல் அத்தியாயங்கள் அவருக்குப் பிடித்துவிட்டன. மூன்றில் ஒரு பங்கு கொழுப்பைக் குறைத்து, டைப் அடித்து அனுப்பினால் புத்தகம் போடுவதாகச் சொன்னார். அவள் வாழ்க்கையில் வேறு எதுவும் வருவதாக இல்லாத நேரத்தில் வந்தது அது. திருத்தி அனுப்பிவிட வேண்டும், தான் எழுதியது தான் எழுதியபடி ஒரு தடவையாவது அச்சில் வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. படிக்க முடியாவிட்டாலும் கையில் வைத்துக்கொள்ளலாம்.

கோடு போட்ட நீளத் தாள்களில் கையால் எழுதியது. அந்தக் கையெழுத்தைப் போனில் படம் பிடித்து, போனையே படிக்க வைத்துப் பார்த்தாள் அவள் தங்கை. போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு, படத்தில் செடிகொடிகள் இருக்கின்றன என்று பெண் குரலில் அறிவித்தது. தங்கைக்குச் சிரிப்புத் தாளவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

ஆக, அந்தக் கையெழுத்தைத் தங்குதடையில்லாமல் படிக்கக்கூடிய ஆள் வீட்டில் ஒருவர்தான். பல வருடம் மளிகைச் சீட்டில் படித்துப் பழகியவர்.

அவர் மதியம் டூட்டி முடிந்து வருவார். சாப்பிட்டு, கை துடைத்து, தாள்கட்டைப் பிரிப்பார். தொண்டையைச் செருமி, "கவனிக்கவும்" என்பார். முதல் நாள் வேடிக்கைக்காகச் சொன்னது, பிறகு பழக்கமாகிவிட்டது. அப்புறம் அந்தக் குரலில் படிப்பார். யுத்தமும் காதலும் சாவும் எல்லாம் இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருப்பது போலவே கேட்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நிறுத்துங்க. அந்த வரி வேண்டாம், அடிங்க" என்பாள். அவர் அடிப்பார். "இங்க ஒண்ணு சேருங்க" என்று சொல்லச் சொல்ல எழுதுவார். இரண்டு பேரும் கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்தது கிடையாது. அவர் அலுத்துக்கொள்ளவே இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

ஒன்பதாவது அத்தியாயத்துக்கு வந்த அன்று, நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பிறகு தொடர்ந்தார். காவலன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான் என்று வந்தது.

"எழுந்தானா?" என்றாள்.

"எழுந்தான்னுதான் இருக்கு."

அந்த அத்தியாயத்தை எழுதி ஏழெட்டு வருடம் இருக்கும். எல்லா வரியும் ஞாபகமிருக்க அவள் கணினி அல்ல. அதோடு, ஒரு வரி மோசமாக இருந்தால்தான் இதை நானா எழுதினேன் என்று எழுதுகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். நன்றாக இருந்தால் வராது.

இரண்டாம் முறை படித்தபோது காவலன் எழுந்து வாசல்வரை போனான். மூன்றாம் முறை சங்கிலியைத் தொட்டான். மழைப்படை நெருங்க நெருங்கச் சங்கிலி சூடேறும் என்பது கதையின் ஏற்பாடு. பழுக்கச் சுட்ட சங்கிலியை அவன் கை பிடித்தது, விடவில்லை, ஆனால் படை ஏற்கெனவே பாலத்தில் கால் வைத்துவிட்டது. அந்த இடத்தில் அந்தக் கையைப் பற்றி ஒரு வரி வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை."

அவர் இன்னொரு தடவை படித்தார். முதல் தடவையைவிட இன்னும் நன்றாக இருந்தது.

"நான் எழுதினதா இது?"

"பின்னே, நானா?" என்றார் அவர்.

அன்று முழுக்க அவள் வேறு ஆளாக இருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். அந்த ஒரு வரியால் கதையின் எடையே மாறிவிட்டது. கை வெந்தவனைப் பார்த்து அரசி எப்படிச் சபிப்பாள்? பத்தாவது அத்தியாயம் முழுக்க அரசி காவலனைச் சபிக்கும் அத்தியாயம், பக்கம் பக்கமாகச் சாபம். "அதைக் கிழிச்சிடுங்க" என்றாள். எதையும் உடனே செய்து பழக்கமில்லாத அறிவிப்பாளர் அதை உடனே கிழித்தார். அதற்குப் பதிலாக அவள் புதிதாகச் சொன்னாள், அவர் எழுதினார். அரசி தன் புடவைத் தலைப்பைக் கிழித்துக் காவலனின் வெந்த கையில் கட்டுகிறாள். கட்டிக்கொண்டே அழுகிறாள். அதை எழுதும்போது அவர் மூக்கை உறிஞ்சியது அவளுக்குக் கேட்டது. தூசி என்றார்.

அடுத்த புத்தகமும் அந்த வரியிலிருந்தே முளைத்தது. பதிப்பாளர் போன் செய்து, "மேடம், மாயாஜாலக் கதைன்னா ஒண்ணோட நிக்காது. அடுத்து என்னன்னு பின்னட்டையில ஒரு வரி போட்டாகணும். பறக்கற மிருகம் ஏதாவது வருமா?" என்று கேட்டார்.

"பறக்கறது இல்ல சார். பாலம் இருக்கு."

"பாலம் பறக்குமா?"

"தூக்கலாம்."

பதிப்பாளர் பேனாவால் மேசையைத் தட்டுவது போனில் கேட்டது. "அடுத்த புஸ்தகம் அந்தப் பாலக்காவலனோட கதை சார்" என்று அவளே சொன்னாள். "வெந்த கையோட அவன் என்ன ஆனான்னு." பதிப்பாளருக்குப் பிடித்திருந்தது. வெந்த கை விற்கும் என்றார். முதல் புத்தகத்தின் டைப் பிரதியை மழைக்காலத்துக்கு முன்னால் கேட்டார்.

தங்கை நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். லீவு நாளில் லேப்டாப்போடு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பாள். வாக்குமூலம் அடித்து அடித்து, விஷயத்தை மூளைக்குள் விடாமலே விரலால் அடித்துத் தள்ளத் தெரிந்தவள். ஆனால் முரண்பாடு என்று ஒன்று வந்தால் அவள் விரல் தானாக நின்றுவிடும். அறிவிப்பாளர் டூட்டியில் இருந்த ஒரு முற்பகலில் அப்படி நின்றது.

"அக்கா, உன் பாலக்காரனுக்குக் கையில எப்ப காயம் பட்டுச்சு?"

"ஏன்?"

"ராணி துணியைக் கிழிச்சுக் கட்டுறா, ஓன்னு அழறா. இவன்தான் உக்காந்த இடத்தை விட்டு அசையவே இல்லையே. சோறு சுட்டுடுச்சா?"

"ஒழுங்காப் பாருடி. முந்தின அத்தியாயத்துக் கடைசியில. சங்கிலியைப் பிடிப்பான்."

தாள் புரளும் சத்தம். "பிடிக்கலக்கா."

"படி."

தங்கை படித்தாள். நீதிமன்றத்தில் படிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். "'இப்போது என்ன அவசரம் என்றான். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். வெளியே எதுவோ நடந்து வருகிற ஈரமான ஓசை. தூறல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தட்டைத் துடைத்துச் சாப்பிட்டான். அவன் கை கழுவத் தண்ணீர் கேட்டபோது, தண்ணீரே உள்ளே வந்தது.' இவ்வளவுதான். சங்கிலின்ற வார்த்தையே இங்க இல்ல."

"அடிச்சு எழுதியிருக்கா? ஓரத்துல ஏதாவது?"

"சுத்தமா இருக்கு. மை கூட வெளிறிப்போச்சு." தங்கை குரலைத் தாழ்த்தி, "அத்தான் உனக்கு என்னதான் படிச்சுக் காட்டினார்?" என்றாள்.

அக்கா விரலால் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. இன்னும் எங்கெங்கே என்ற பயம். மற்ற அத்தியாயங்கள்? நேற்று அடிக்கச் சொன்ன வரி அடிபட்டதா? சேர்க்கச் சொன்னது சேர்ந்ததா? காலையில் அவர் படித்துச் சொன்ன மாத்திரைப் பெயர்? தங்கை மதியத்துக்குள் வேகவேகமாகப் புரட்டிப் பார்த்துச் சொன்னாள். மற்றதெல்லாம் சொன்னபடி இருந்தது. அந்த ஓர் இடத்தில்தான் மனிதர் கை வைத்திருந்தார். சரியாகச் சொன்னால், கை வைக்கவில்லை. தாளில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. வாயால் மட்டும்.

"நான் இருக்கட்டுமாக்கா? நானே கேக்கறேன் அவரை. கோர்ட்டுல இதுக்கு என்ன பேர் தெரியுமா?"

"நீ கிளம்பு."

"பத்தாவதைத் திரும்ப எழுதணுமே. நீ சொல்லு, நான் அடிக்கறேன்."

"வேண்டாம். அவர் எழுதட்டும்."

அறிவிப்பாளர் வந்தார். கை கால் கழுவினார். மேசையில் தாள்கள் கலைந்திருப்பதைப் பார்த்தார். சாம்பல் முகத்தின் இரண்டு பக்கமும் அவர் காதுகள் அசையாமல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஒன்பது படிங்க" என்றாள்.

"அதான் படிச்சாச்சே..."

"தாள்ல இருக்கறதைப் படிங்க."

நாற்காலி இழுபடும் சத்தம். உட்கார்ந்தார். "தங்கச்சி வந்திருந்தாளா?"

"வந்தா."

"ம்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "நான் செஞ்சது தப்புதான். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கணும். ஆனா அதை இப்படி எழுதி வச்சு, என்னையே படிக்கச் சொன்னா, நானும் மனுஷன்தானே? எப்படிப் படிப்பேன், சொல்லு? 'இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்'னு. அன்னிக்கு நான் சாப்பிடக்கூட இல்ல."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "கண்ணைப் பத்தி எழுதினேன்னு நினைச்சீங்களா?"

"பின்னே வேற என்ன?"

"அதை எழுதி ஏழெட்டு வருஷம் ஆச்சு. கண்ணு போனது முந்தா நேத்து."

"அப்போ?"

"குழாய்க்காக எழுதினேன்."

"எந்தக் குழாய்?"

"சமையக்கட்டுக் குழாய். மாசக்கணக்கா சொட்டிச்சே. வாளி வச்சு வச்சு எடுத்தேனே. தினம் சொன்னேன், தினம் இப்ப என்ன அவசரம்னீங்க. ஒருநாள் வயித்தெரிச்சல்ல உக்காந்து எழுதினேன். அதுல ஊரே கரைஞ்சிடுச்சு."

அவர் சிரித்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். தனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்காக எழுதியிருந்தால் ஒரு சனிக்கிழமை செய்த தப்பு. மன்னிப்புக் கேட்கலாம், அழலாம், நாவலில் வாயால் கொஞ்சம் திருத்தி வைக்கலாம். குழாய்க்காக எழுதியது என்றால், அந்தச் சனிக்கிழமை வருவதற்கு வெகு முன்பே அவர் அப்படிப்பட்ட ஆள் என்று வீட்டில் தெரிந்திருக்கிறது.

"அப்போ உனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். "தெரிஞ்சும் என்கிட்ட வந்து திங்கக்கிழமை போலாமான்னு கேட்டியா?"

"கேக்கல. கண்ணுல திரை விழுதுன்னுதான் சொன்னேன். திங்கள்னு சொன்னது நீங்க."

"நீ சரின்ன."

"ஆமா. சரின்னேன்."

இதற்கு மேல் அந்தப் பேச்சில் இரண்டு பேருக்கும் போக இடமில்லை. அவள் கையை நீட்டித் தாள்கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் படித்தார். கவனிக்கவும் என்று சொல்லவில்லை. குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தாள், நடுங்கவில்லை. வண்டி ரத்தானதைச் சொல்லிப் பழகிய அதே குரல், அதே சீர். இன்னொரு கரண்டி, ஈரமான ஓசை, துடைத்த தட்டு, கை கழுவத் தண்ணீர் எல்லாம் அதன் வரிசையில் வந்து போயின. அந்தக் குரலில் கேட்கும்போதுதான் அத்தியாயம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அது எரிச்சலாகவும் இருந்தது. புத்தகத்தில் இதைவிட நன்றாக எதையும் அவள் எழுதியிருக்கவில்லை. இது அப்படியே நிற்க வேண்டும். நின்றால் பத்தாவதும் திரும்ப வேண்டும்.

"அந்தக் கை கட்டற அத்தியாயத்தை எடுத்துடுங்க" என்றாள்.

எடுத்தார்.

"சாபத்தை எழுதிக்குங்க."

"கிழிச்சதை அப்படியே ஞாபகம் வச்சிருக்கியா?"

"இல்ல. புதுசா."

பேனாவைத் தேடினார். கிடைத்தது. தாளை நேராக வைத்தார். கிழித்துப் போட்டது பக்கம் பக்கமாக இருந்த சாபம். புழு, புண், ஏழு தலைமுறை எல்லாம் இருந்தது. குழாய் சொட்டியபோது எழுதியது அப்படித்தான் இருக்கும். இப்போது அவளுக்கு அவ்வளவு வரவில்லை. அரசி கரைந்த சுவரின் மேல் உட்கார்ந்து சொல்வதாகச் சொன்னாள்:

"'நீ நீண்ட காலம் இரு. உன் முதுகுக்குப் பின்னால் யாராவது எப்போதும் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும். நீ எழுந்து ஓடு. நீ போய்ச் சேரும்போது அந்த இடம் காலியாக இருக்கட்டும்.'"

பேனா ஓடியது, நின்றது. "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான். படிங்க."

ஒரு சொல் கூடக் குறைய இல்லாமல் படித்தார்.

அடுத்த லீவில் தங்கை வந்து இரண்டு அத்தியாயத்தையும் அடித்து முடித்தாள். தாளையும் திரையையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, "அத்தான் பிறழ் சாட்சியா மாறலக்கா" என்று சான்று கொடுத்தாள். கட்டு பதிப்பாளருக்குப் போனது. அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது, பின்னட்டைக்கு அந்த அடுத்த புத்தக வரி மட்டும் பாக்கி, உடனே அனுப்புங்கள் என்று அவர் போன் செய்தார்.

அடுத்த புத்தகம் எங்கே இருக்கிறது? வெந்த கையோடு ஒரு காவலன் என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். இப்போது முதல் புத்தகத்தில் எவன் கையும் வேகவில்லை. முடிந்தால் அந்தக் கையை வேறு ஒருவனுக்குக் கொடுக்கலாம், வேறு ஊர், வேறு சங்கிலி. அதற்கு அந்த வரி வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்த வரி.

"அன்னிக்குச் சொன்னீங்களே, கையைப் பத்தி. அதை எழுதித் தாங்க" என்றாள்.

அவர் வெகுநேரம் யோசித்தார். "சங்கிலி சூடா இருந்தது. அவன் விடல."

"இது இல்ல."

"சூடுன்னு தெரிஞ்சும் அவன் கையை எடுக்கல."

"இது இல்லங்க. வேற மாதிரி இருந்தது. கைக்கே ஏதோ தெரியற மாதிரி."

"நான் எங்க யோசிச்சுச் சொன்னேன்? தாளைப் பாத்துக்கிட்டே வாயில வந்ததைச் சொன்னேன். ரெண்டாவது தடவை வேற மாதிரி வந்தது. அதுவும் போச்சு."

அவளும் முயன்றாள். கை ஞாபகம் இருந்தது, சூடு ஞாபகம் இருந்தது. நடுவில் அவற்றைச் சேர்த்த சொல் இல்லை. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு விதமும் முந்தியதைவிடச் செத்துப்போய் வந்தது. தாளில் இல்லாததைப் படிக்கும்போது வந்த வரி அது. இனி இந்த வீட்டில் தாளில் இருப்பதைத்தான் படிப்பார்கள்.

கடைசியில் அவள் எழுந்து, அலமாரியைத் தடவி ஒரு தாளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"படிங்க" என்றாள்.

அவர் தாளை வாங்கினார். புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும், அவர் தோள் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"இது வெறும் தாளும்மா."

"தெரியும். உங்களுக்கு என்ன தெரியுதோ படிங்க."

அவர் தொண்டையைச் செருமினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் திறந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லைதான், பழக்கம். தெருவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் சத்தம் தேய்ந்து முடியும்வரை காத்திருந்தாள்.

"இதுல ஒண்ணும் இல்ல" என்றார் அவர். முன்னாலும் பின்னாலும் ஒரு சொல்லும் சேர்க்காமல் சொன்னார்.

"பின்பக்கம்?"

"பின்பக்கமும் இல்ல."